கிறிஸ்துமஸுக்கு மூன்று எலும்பு ரோஸ்ட்

மாட்டின் விலாப் பகுதியை எலும்போடு ஒரே துண்டாக எடுத்து, அப்படியே ஓவனில் வாட்டி, மேசையில் வைத்து அறுத்துப் பரிமாறுவதுதான் பிரைம் ரிப் ரோஸ்ட். மாட்டுக்கு ஒரு பக்கத்தில் 13 விலா எலும்புகள். தலைப் பக்கத்திலிருந்து எண்ணினால் 6 முதல் 12 வரையிலான ஏழு எலும்புகளும் அவற்றை ஒட்டிய முதுகுச் சதையும் சேர்ந்ததே இந்தத் துண்டு. முதுகுச் சதைக்கு உழைப்பு குறைவு, அதனால் மிருதுவாக இருக்கும். பிரான்சிலிருந்து டிசம்பர் விடுமுறைக்குப் புதுச்சேரி வருகிறவர்கள் இதையே ஒற்றை எலும்பாக எடுத்து 'கோத் தெ பஃப்' என்பார்கள்.

வெளிநாட்டுச் செய்முறைகள் எதைப் பார்த்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான்: உப்பு, மிளகு, குறைந்த சூடு, நடுச்சதை 52 டிகிரிக்கு வந்ததும் வெளியே எடு. அதை எழுத்துப் பிசகாமல் செய்தும், பல்லில் இழுபடும் ரப்பர் துண்டு தட்டில் கிடப்பது இங்கே சகஜம். செய்முறையில் பிழையில்லை, அது வேறு கறிக்கு எழுதியது. அங்கே மாட்டை இரண்டு வயதை ஒட்டி அறுக்கிறார்கள். கடைசி மாதங்களில் அது தானியம் தின்று, சதைக்குள் வெள்ளை நரம்பு நரம்பாகக் கொழுப்பு ஓடியிருக்கும். அறுத்த பிறகும் குளிர் அறையில் இரண்டு மூன்று வாரம் தொங்கும். நம் ஊரில் விடியற்காலையில் அறுத்தது மதியத்துக்குள் விற்றுத் தீர்ந்துவிடுகிறது. உழவுக்கோ வண்டிக்கோ உழைத்துக் களைத்த காளையாக இருக்கலாம், எருமையாக இருக்கலாம். ஆகவே ரோஸ்ட் எப்படி வரும் என்பது கறிக்கடையிலும் அதற்கடுத்த நாலு நாள் ஃப்ரிட்ஜிலுமே பாதிக்கு மேல் முடிவாகிவிடும்.

கடையில் கேட்க வேண்டியது

ஞாயிற்றுக்கிழமையோ 24-ஆம் தேதியோ கறிக்கடையில் போய் நின்று இதைக் கேட்காதீர்கள். கூட்டத்தில் கத்தி தன் வழக்கப்படி இறங்கிவிடும், கையில் கிடைப்பது குழம்புத் துண்டுதான். 19, 20-ஆம் தேதி வாக்கில், வியாபாரம் ஓய்ந்த நேரமாகப் பார்த்துப் போய்ச் சொல்லி வைக்க வேண்டும். ஆட்டில் சாப்ஸ் எது என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் அந்தச் சொல்லிலிருந்தே தொடங்கலாம்: "பாய், மாட்டுல சாப்ஸ் பக்கம், இடுப்புக்குக் கிட்ட இருக்கிற மூணு விலா எலும்பு, சேர்ந்தாப்ல ஒரே துண்டா வேணும். கொத்திடாதீங்க. முதுகெலும்பை மட்டும் தனியா எடுத்துக் குடுத்துடுங்க, அதையும் நானே வாங்கிக்கிறேன்."

அந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். விலா எலும்பு முதுகெலும்போடு சேரும் மூட்டு அப்படியே இருந்தால் மேசையில் எந்தக் கத்தியாலும் துண்டு போட முடியாது. கடையில் வெட்டுக்கத்தியால் இரண்டு நிமிட வேலை. எடுத்த முதுகெலும்பு வீணாகாது, கிரேவிக்கு அதுதான் வேண்டும். விலா எலும்பின் நீளம் ஒரு சாண் இருந்தால் போதும், மீதியை வெட்டச் சொல்லுங்கள். நீட்டிக்கொண்டிருந்தால் வீட்டு ஓவன் கதவு மூடாது. வாங்கப் போவதற்கு முன் ஓவனின் உள் அகலத்தை ஒரு நூலால் அளந்து கையோடு கொண்டுபோவது நல்லது.

இடுப்புப் பக்கத்து மூன்று எலும்பைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. அங்கே நடுவில் ஒரே பெரிய வட்டச் சதையாக இருக்கும். கழுத்துப் பக்கம் போகப் போக அது சிறுத்து, பல தசைகள் ஜவ்வோடும் கொழுப்போடும் பின்னிக் கிடக்கும். ருசி அந்தப் பக்கம் கூடுதல் என்பது உண்மை, வட்டச் சதையைப் போர்த்தியிருக்கும் மேல்தசைதான் மொத்தத் துண்டிலும் சுவையானது. ஆனால் நம் மாட்டில் அந்த ஜவ்வு முற்றியிருக்கும்.

எடைக்கு ஆளுக்கு எலும்போடு 350 முதல் 400 கிராம் என்று கணக்கிடலாம். நம் ஊர் மாட்டில் மூன்று எலும்புத் துண்டு ஏறத்தாழ 2 முதல் 2.5 கிலோ இருக்கும். பிரியாணி, வறுவல் என்று வேறு பண்டங்களும் இருக்கும் பண்டிகைச் சாப்பாட்டில் ஏழு பேருக்குத் தாராளம்.

வயதை எப்படித் தெரிந்துகொள்வது? பல்லைக் கேளுங்கள். மாட்டுக்கு இரண்டு வயதை ஒட்டித்தான் முதல் ஜோடி நிலைப்பல் விழுந்து முளைக்கும். "ரெண்டு பல்லு", "நாலு பல்லு" என்றால் ரோஸ்ட்டுக்கு ஆகும். எட்டுப் பல்லும் சேர்ந்துவிட்ட மாடு குழம்புக்குப் போகட்டும். எருமையில் பல் மாறுவது இன்னும் கொஞ்சம் தள்ளித்தான், என்றாலும் இரண்டு பல் எருமைக் கடா கிடைத்தால் வயதை நினைத்துத் தயங்க வேண்டாம், நல்ல கறி. நிறத்தை வைத்தும் இரண்டையும் பிரிக்கலாம்: எருமைக்கறி கருஞ்சிவப்பு, கொழுப்பு பால்வெள்ளை. மாட்டுக் கொழுப்பில் மஞ்சள் சாயல் இருக்கும். எருமையில் சதைக்குள் கொழுப்பு ஓட்டம் குறைவு, எனவே சூடு ஐந்து டிகிரி கூடினாலும் வறண்டுபோகும்.

கூடவே கால் கிலோ கொழுப்பும் கேட்டு வாங்குங்கள். சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் கெட்டிக் கொழுப்பு, அல்லது வயிற்றைப் போர்த்தியிருக்கும் வலை போன்ற கொழுப்பு. வெளிநாட்டுப் படங்களில் துண்டின் முதுகில் விரல் கனத்துக்கு வெள்ளையாகத் தெரியுமே, அந்தப் போர்வை நம் மாட்டில் இருக்காது. அதை நாம்தான் போர்த்த வேண்டும்.

நாலு நாள் ஃப்ரிட்ஜில்

அறுத்த சில மணி நேரத்தில் சதை விறைக்கத் தொடங்கும், ஒரு நாள் வரை விறைப்பு இருக்கும். அதன்பின் சதைக்குள்ளேயே இருக்கும் நொதிகள் நார்களை மெல்ல அறுத்து மிருதுவாக்கும். குழம்புக்கு இது பெரிய விஷயமில்லை, குக்கர் சரிசெய்துவிடும். ரோஸ்ட்டில் குக்கர் கிடையாது. ஆகவே காத்திருக்கத்தான் வேண்டும். 25-ஆம் தேதி மதியத்துக்கு 21-ஆம் தேதி காலை வாங்குவது சரியான கணக்கு.

இந்த இடத்தில் அதிகம் நடக்கும் தவறு, சூடு ஆறாத கறியை வீட்டுக்கு வந்ததும் ஃப்ரீசரில் தள்ளுவது. விறைப்பு வந்து முடியும் முன்பே சதை கடுங்குளிருக்குப் போனால் நார்கள் சுருண்டு இறுகிவிடும், பிறகு எத்தனை நாள் வைத்தாலும் இளகாது. அதற்காக வெளியேயும் வைக்க முடியாது, நம் ஊர் டிசம்பரும் கிருமிக்குப் போதுமான சூடுதான். வாங்கிய இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், எலும்போடு, முழுத்துண்டாக வைத்துவிட வேண்டும். பெரிய துண்டின் நடுப்பகுதி மெதுவாகத்தான் குளிரும். எலும்போடு ஒட்டியிருப்பதால் சதையும் தன் விருப்பத்துக்குச் சுருங்க முடியாது. வெட்டாமல் வாங்குவதில் இந்த நன்மையும் இருக்கிறது.

கழுவலாமா? மஞ்சள் போட்டு மூன்று தண்ணீர் அலசுவது நம் பழக்கம். இந்தத் துண்டுக்கு அது வேண்டாம். எலும்புத் தூள் இருந்தால் ஈரத்துணியால் துடையுங்கள். கழுவியே தீர வேண்டுமென்றால் வாங்கிய அன்றே கழுவி, சுத்தமான பருத்தித் துணியால் ஒரு சொட்டு ஈரமில்லாமல் ஒற்றி எடுத்துவிடுங்கள். மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. பொன்னிறமும் வாசமும் வருவது 140 டிகிரிக்கு மேல்தான்.

ஒரு தட்டில் கம்பி வலை போட்டு அதன்மேல் துண்டை எலும்பு கீழாக வையுங்கள். முதல் இரண்டு நாள் மெல்லிய துணி போர்த்தியிருக்கலாம். பனி கட்டாத வகை ஃப்ரிட்ஜ் என்றால் உள்காற்றே மேற்பரப்பை உலர்த்திவிடும். பழைய மாதிரி, சுவரில் பனி பிடிக்கும் ஃப்ரிட்ஜில் ஈரம் தங்கும், தினமும் ஒருமுறை ஒற்றி எடுக்க வேண்டும். ஃப்ரிட்ஜின் அதே அடுக்கில் மல்லிகைச் சரமோ கருவாடோ மீனோ வேண்டாம், கொழுப்பு எல்லா வாசத்தையும் பிடித்துக்கொள்ளும். நிறம் கருத்து, மேல் காய்ந்திருப்பது நல்ல அடையாளம். பிசுபிசுப்பும் புளித்த நாற்றமும் வந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். வீட்டு ஃப்ரிட்ஜில் நாலு நாளுக்கு மேல் இழுக்க வேண்டாம். அது குளிர் அறை இல்லை, கதவு ஐம்பது முறை திறந்து மூடப்படுகிறது.

23-ஆம் தேதி காலை, துண்டின் ஓரத்திலிருந்து ஐந்து மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு சிறு துண்டு நறுக்கி, காய்ந்த தோசைக்கல்லில் பக்கத்துக்கு ஒரு நிமிடம் போட்டு, உப்புத் தூவி மென்று பாருங்கள். இரண்டு மூன்று கடியில் பிரிந்து வந்தால் ரோஸ்ட் செய்யலாம். மென்றுகொண்டே இருக்க வேண்டியிருந்தால் ரோஸ்ட் எண்ணத்தை விட்டுவிடுங்கள். வயதான மாட்டின் ஜவ்வுக்கு 60 டிகிரி எதுவும் செய்யாது. அப்போது அதே துண்டை நன்றாகச் சிவக்க வறுத்து, கனமான மூடிய பாத்திரத்தில் 300 மில்லி எலும்புச் சாறோடு 150 டிகிரியில் மூன்று, மூன்றரை மணி நேரம் விடுங்கள். நடுச்சதை 92-லிருந்து 95 டிகிரிக்கு வரும்போது ஜவ்வு உருகி, கரண்டி பட்டாலே பிரியும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பண்டிகைக்கு ஏற்ற பண்டம்தான். எந்த வழி என்று இரண்டு நாள் முன்பே தெரிந்துவிடுவதுதான் இந்தச் சோதனையின் பலன்.

மென்மையாக்கப் பப்பாளிக்காய் விழுது தடவும் யோசனை யாராவது சொல்வார்கள். குழம்புத் துண்டுக்குச் சரி. முழுத்துண்டில் அது சில மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே போகாது, உள்ளே கறி அப்படியே இருக்கும். பப்பாளி நொதி தீவிரமாக வேலை செய்வது 50 முதல் 70 டிகிரிச் சூட்டில், நம் ரோஸ்ட் மணிக்கணக்கில் கடந்துபோவதும் அதே சூட்டில்தான். மேற்புறம் கூழாகிவிடும், பொன்னிற ஓடு கட்டாது. இஞ்சியிலும் இதே குணமுள்ள நொதி உண்டு, எனவே இஞ்சி பூண்டு விழுதும் வேண்டாம்.

உப்பு மட்டும் முன்கூட்டியே போட வேண்டும், அதையும் எடை போட்டு. கிலோவுக்கு 10 கிராம், எலும்போடு சேர்த்த எடைக்கு. கரண்டியால் அளக்காதீர்கள். மரக்காணம் கல்லுப்பும் பாக்கெட் பொடியுப்பும் ஒரு கரண்டியில் ஒரே எடை இருக்காது. கல்லுப்பை ஒன்றிரண்டாக இடித்து, 23-ஆம் தேதி மாலை எல்லாப் பக்கமும் தேய்த்து, மூடாமல் திரும்ப ஃப்ரிட்ஜில் வையுங்கள். முதல் ஒரு மணி நேரம் நீர் கசியும். பயப்பட வேண்டாம், அந்த நீரில் உப்புக் கரைந்து திரும்பச் சதைக்குள் போகும். ஒன்றரை நாளில் உப்பு உள்ளே இறங்கி, மேற்பரப்பும் உலர்ந்திருக்கும். ஓவனில் வைக்கும்போது உப்புத் தடவினால் வெளியே கரிப்பு, உள்ளே சப்பு.

எத்தனை டிகிரி

இங்கே நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். 52 டிகிரியில் எடுத்து 55-இல் பரிமாறும் பழக்கம், அறுத்தது முதல் கடை வரை குளிரிலேயே வரும் ஏற்பாடும் பரிசோதனையும் உறுதியாக உள்ள கறிக்கு. வெட்டாத முழுச்சதையில் பாக்டீரியா பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும், வாட்டும்போது அது செத்துவிடும். ஆனால் மாட்டுக்கறி வழியாக வரும் நாடாப்புழுவின் கூடு சதைக்குள்ளே இருக்கக்கூடியது. அதை அழிக்க நடுச்சதை 60 டிகிரியைத் தாண்ட வேண்டும். அமெரிக்க விவசாயத் துறை முழுத்துண்டு மாட்டுக்கறிக்குச் சொல்வது 63 டிகிரி, அதன்பின் மூன்று நிமிடம் ஆறவிடுதல். நம் சந்தைக் கறிக்கு இதுதான் பாதுகாப்பான இலக்கு. 63-இல் நடுவில் இளஞ்சிவப்பு இருக்கும், ஈரமும் இருக்கும். 70-ஐத் தொட்டால் எருமைக்கறி மரத்தூள்.

பிரான்சிலிருந்து வந்த சித்தப்பாவுக்கு 'செஞ்ஞான்' வேண்டும், உள்ளே சிவப்பாக. அதற்கும் வழி உண்டு, முன்கூட்டியே திட்டமிட வேண்டும்: கறியை டிசம்பர் தொடக்கத்திலேயே வாங்கி, மூன்று நாள் ஃப்ரிட்ஜில் பதப்படுத்தி, பிறகு ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரிக் குளிரில் பத்து நாளுக்குக் குறையாமல் வைத்து எடுத்தால் புழுக்கூடு செத்துவிடும். இரண்டு நாள் ஃப்ரிட்ஜிலேயே உருகவிட்டு, அதன்பின் உப்பு. கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், வயதானவர்கள் தட்டுக்கு அப்போதும் சிவப்புத் துண்டு வேண்டாம்.

தட்டில் கசியும் சிவப்பு நீர் ரத்தம் இல்லை என்பதை மேசையில் ஒருமுறை சொல்லிவிடுவது நல்லது. தசைக்குள் ஆக்சிஜனைத் தாங்கும் மயோகுளோபின் என்ற நிறப்பொருள் கலந்த நீர் அது. ரத்தம் அறுக்கும்போதே வடிந்துவிட்டது.

தெர்மாமீட்டர் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். ஊசி மாதிரி குத்தும் டிஜிட்டல் வகை போதும். வாங்கியதும் சோதித்துப் பாருங்கள்: நொறுக்கிய ஐஸ் நிறைந்த தண்ணீரில் 0 காட்ட வேண்டும், கொதிக்கும் தண்ணீரில் 100. கடலூரும் புதுச்சேரியும் கடல் மட்டத்தில் இருப்பதால் இந்த 100 இங்கே சரியாக 100-தான், கொடைக்கானலில் செய்தால் குறையும். ஊசியின் நுனி வட்டச் சதையின் நடுவில் இருக்க வேண்டும். எலும்பைத் தொட்டாலும் கொழுப்பில் நின்றாலும் தவறான எண் வரும். இரண்டு மூன்று இடத்தில் குத்திப் பார்த்து, இருப்பதில் குறைந்த எண்ணை நம்புங்கள்.

ஓவன்

மேசைமேல் வைக்கும் சின்ன மின்சார ஓவனான ஓ.டி.ஜி. 30 லிட்டருக்குக் குறைந்தால் மூன்று எலும்பு சிரமம், இரண்டெலும்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். 2000 வாட் ஓவன் 9 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், மூன்று மணி நேரம் ஓடும். 16 ஆம்பியர் பிளக்கில் நேரடியாகச் சொருகுங்கள். எக்ஸ்டென்ஷன் வயரில் போட்டால் வயர் உருகும்.

திருகில் 120 என்று வைத்தால் உள்ளே 140 இருக்கலாம், 100 இருக்கலாம். சின்ன ஓவன்களில் இந்த வித்தியாசம் சாதாரணம். ஓவனுக்குள் நிற்கும் தெர்மாமீட்டர் ஒன்று வைத்து, முந்தின வாரமே அரை மணி நேரம் காலியாக ஓட்டிப் பார்த்து, உண்மையான 115 எந்த இடத்தில் வருகிறது என்று திருகில் பேனாவால் குறித்துவையுங்கள்.

மேல் கம்பி துண்டுக்கு மிக அருகில் இருக்கும். வலையைக் கடைசித் தட்டில் வைத்து, கீழ்க் கம்பி மட்டும் எரியவிட்டு, விசிறி இருந்தால் அதையும் போடுங்கள். அந்த வசதி இல்லாத ஓவனில் துண்டின் மேல் அலுமினியத் தாளைத் தொடாமல் கூரை மாதிரி மடித்து வைத்தால் உச்சி கருகாது. அடியில் ஒரு தட்டு கட்டாயம். கொழுப்புச் சொட்டு கம்பியில் விழுந்தால் தீப்பிடிக்கும்.

முதுகில் கொழுப்பைத் தகடு தகடாகப் போர்த்தி, எலும்புகளுக்கு இடையே ஒன்றாக, சாயமில்லாத பருத்திக் கயிற்றால் கட்டுங்கள். நைலான் உருகும். மிளகை இப்போது தூவலாம், கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி, ஒன்றிரண்டாக உடைத்தது. ஃப்ரிட்ஜிலிருந்து நேராக ஓவனுக்குப் போகலாம். இரண்டு மணி நேரம் வெளியே வைத்தாலும் நடுச்சதை நாலைந்து டிகிரிதான் ஏறும், பயனில்லை.

115 டிகிரியில் 2 கிலோ துண்டு இரண்டரை முதல் மூன்று மணி நேரம் எடுக்கும். எடையைவிடத் துண்டின் கனம்தான் நேரத்தைத் தீர்மானிக்கிறது, ஆகவே ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு அரை மணிக்கு ஒருமுறை ஊசி போட்டுப் பாருங்கள். 50-ஐத் தாண்டியதும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை. நடுச்சதை 60 காட்டும்போது எடுத்துவிடுங்கள். வெளிப்புறச் சூடு உள்ளே நகர்ந்து இன்னும் மூன்று நாலு டிகிரி தானாக ஏறும். தொடக்கத்திலிருந்தே 200 டிகிரியில் வாட்டியிருந்தால் இந்த ஏற்றம் பத்து டிகிரி வரை போகும், 63 நினைத்தது 70-இல் நிற்கும். குறைந்த சூட்டை வலியுறுத்துவது இதற்காகத்தான். இன்னொன்றும் உண்டு: அதிகச் சூட்டில் வெளியே இரண்டு விரல் கனம் சாம்பல் நிறமாகி, நடுவில் மட்டும் சின்ன வட்டம் சரியாக இருக்கும். குறைந்த சூட்டில் ஓரம் முதல் ஓரம் வரை ஒரே நிறம்.

எடுத்ததும் 20 நிமிடம் திறந்தே வைத்துவிட்டுப் பிறகு தாளால் தளர்வாக மூடலாம். முக்கால் மணி நேரம் ஆறினால் அறுக்கும்போது சாறு பலகையில் ஓடாது. நடுநிசித் திருப்பலிக்குப் போய்விட்டு வந்து சாப்பிடும் வீடுகளுக்கு இந்த முறை நன்றாகப் பொருந்தும். ஏழரைக்கு ஓவனில் வைத்து, பத்தரைக்கு எடுத்து, ஆறவிட்டு, தாளிலும் தடித்த டவலிலும் சுற்றி, வெந்நீர் ஊற்றிச் சூடாக்கித் துடைத்த ஐஸ் பெட்டிக்குள் வைத்து மூடினால் கோயிலிலிருந்து வரும்வரை சூடு நிற்கும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

பொன்னிற ஓட்டைக் கடைசியில், பரிமாறுவதற்குப் பத்து நிமிடம் முன்பு கட்டுங்கள். 250 டிகிரி ஓவனில் எட்டு நிமிடம் என்று எழுதியிருப்பார்கள், நம் ஓ.டி.ஜி. பல 220-க்கு மேல் ஏறத் திணறும். கனத்த இரும்புத் தோசைக்கல் இதற்கு மேலானது. புகை வரும்வரை காயவிட்டு, தட்டில் வடிந்த கொழுப்பை ஊற்றி, கயிறையும் போர்த்திய கொழுப்பையும் எடுத்துவிட்டு, எலும்பில்லாத ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கடைசிப் பக்கத்தில் வெண்ணெய் 50 கிராம், தட்டிய பூண்டு ஆறு பல். முன்பே பூண்டு தடவியிருந்தால் இந்தச் சூட்டில் கருகிக் கசக்கும்.

மழைக்காலம் என்பதை மறக்க வேண்டாம். 2011-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது டிசம்பர் 30-ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில். நடுவழியில் கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள், 20 நிமிடம் உள்சூடே வேலை செய்யும். அதற்கு மேலும் வராவிட்டால் காத்திருக்கக் கூடாது, இளஞ்சூட்டில் கறியைக் கிடத்துவது கிருமிக்கு விருந்து. மணல் பரப்பி கேக் சுடும் கனமான அண்டா இருக்கிறதல்லவா, அதற்குள் ஸ்டாண்ட் வைத்து, ஓவன் தெர்மாமீட்டரையும் உள்ளே போட்டு, கேஸ் அடுப்பில் சிறு தீயில் 120, 130-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் ரோஸ்ட் முடிந்துவிடும்.

கிரேவியும் கடுகும்

குறைந்த சூட்டில் வாட்டும்போது தட்டில் சாறு அதிகம் வடியாது. அதனால் கிரேவிக்கான சாற்றை முந்தின நாளே எடுத்துவைக்க வேண்டும். வாங்கி வைத்த முதுகெலும்பை 200 டிகிரியில் 40 நிமிடம் சிவக்க வாட்டி, இரண்டு வெங்காயம், ஒரு கேரட் போட்டு, ஒன்றரை லிட்டர் தண்ணீரில் குக்கரில் சிறு தீயில் முக்கால் மணி நேரம். வடிகட்டித் திறந்து சுண்டவிட்டால் 700 மில்லி கிடைக்கும். பரிமாறும் நேரத்தில் கொழுப்பு 2 மேசைக்கரண்டியில் தாளிப்பு வடகம் ஒரு தேக்கரண்டி பொரியவிட்டு, மைதா 2 மேசைக்கரண்டி போட்டுச் சிவந்ததும், சிவப்பு ஒயின் 150 மில்லி ஊற்றிப் பாதியாகச் சுண்டவைத்து, சாற்றைச் சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். நம் வடகம்தான் பிரான்சுக்குப் போய் 'வதுவான்' என்ற மசாலா ஆனது, மாட்டுக்கறியோடு அது சேரும் விதம் தனி. உப்பைக் கடைசியில் பார்த்துப் போடுங்கள்.

வெளிநாட்டில் ரோஸ்ட்டோடு துருவி வைக்கும் காரமான வேர், ஹார்ஸ்ராடிஷ், இங்கே எளிதில் கிடைக்காது. அதன் மூக்கில் ஏறும் காரமும் கடுகின் காரமும் ஒரே பொருளால் வருவதுதான். கருங்கடுகு 2 மேசைக்கரண்டியைப் பொடித்து, குளிர்ந்த தண்ணீர் விட்டுக் குழைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். வெந்நீரோ வினிகரோ முதலில் பட்டால் காரம் எழவே எழாது. காரம் ஏறிய பிறகு ஒரு தேக்கரண்டி வினிகர், துருவிப் பிழிந்த வெள்ளை முள்ளங்கி அரை கப், துணியில் கட்டித் தொங்கவிட்ட கெட்டித் தயிர் அரை கப். பக்கத்தில் பேக்கரி ரொட்டியும், கொழுப்பில் வறுத்த உருளைக்கிழங்கும் இருந்தால் வேறெதுவும் தேவையில்லை.

அறுக்கும்போது முதலில் எலும்பின் வளைவை ஒட்டியே கத்தியை இறக்கி மூன்று எலும்பையும் ஒரே பலகையாகப் பிரித்துவிடுங்கள். பிறகு சதையைப் பலகையில் கிடத்தி, நாருக்குக் குறுக்கே அறுங்கள். வெளிநாட்டில் ஒரு விரல் கனம் போடுவார்கள், நம் கறிக்கு அரை சென்டிமீட்டர்தான். மெல்லியதாக அறுத்தால் நார் குட்டையாகும், மெல்லச் சுலபம். இளஞ்சிவப்பைப் பார்த்தாலே தட்டைத் தள்ளும் பாட்டிக்கு இரண்டு ஓரத் துண்டும் கொடுங்கள், அவை எப்போதும் நன்றாக வெந்திருக்கும். இன்னும் வேண்டுமென்றால் துண்டைக் கொதிக்கும் கிரேவியில் அரை நிமிடம் முக்கி எடுத்தால் சிவப்பு போய்விடும். ஒரே ஆளுக்காக மொத்த ரோஸ்ட்டையும் 75-க்கு ஏற்ற வேண்டாம்.

மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் சூடாக்கினால் இறுகிவிடும், குளிர்ந்தபடியே மெல்லியதாகச் சீவி, மீந்த கடுகுத் தயிரோடு ரொட்டிக்குள் வைப்பதே நல்லது. எலும்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, மிளகு, சோம்பு, கறிவேப்பிலையோடு இரும்பு வாணலியில் பத்து நிமிடம் புரட்டினால் 26-ஆம் தேதி ரசத்துக்கு வறுவல் தயார்.